ஒற்றை உடலும் பால்வேறுபாடும்

ஆண் பெரியது, பெண் சிறியது என்பதை இயற்கையின் பொதுவிதியாகக் கொள்ளும் போக்கு இன்றும் மறைந்துவிடவில்லை. இத்தகைய விதிகள் எவ்வகைச் சான்றின்மீது நிற்க வேண்டும் என்பதைச் சலீம் அலி பழவௌவாலின் வரலாறு தெளிவாக்குகின்றது.

1948இல் தென்னிந்தியாவின் மேகமலைப் பகுதியில், கோப்பித் தோட்டமொன்றில் அங்கஸ் ஹட்டன் இவ்வௌவாலொன்றைச் சேகரித்தார். அது குறுமூக்குப் பழவௌவால் எனக் கருதப்பட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பில் வைக்கப்பட்டிருந்தது. 1972இல் தாய்லாந்து அறிஞர் கிற்றி தொங்லொங்யா அதனை மீளாய்ந்து, அது புதியதொரு பேரினம் என நிறுவினார். முன்கையின் நீளத்தை மட்டும் நோக்கின் முந்தைய தவறு வியப்புக்குரியதன்று. இதன் முன்கை ஏறத்தாழ 67 மில்லிமீற்றர். குறுமூக்குப் பழவௌவாலின் முன்கையும் ஏறக்குறைய அவ்வளவினதே. பற்களின் அமைப்பும் வெளிப்படையான வால் இன்மையுமே இரண்டையும் வேறுபடுத்தின.

1993இல் மீண்டும் கண்டறியப்படும்வரை அறிவியலின் கையிலிருந்தது அந்த ஒற்றை உடலே. ஒரேயொரு ஏட்டுச்சுவடியைக் கொண்டு பாடபேதம் காண இயலாதவாறு, ஓருடலைக் கொண்டு பால்வேறுபாடு காணவும் இயலாது. அதற்கு இரு பாலிலும் வளர்ச்சி முற்றிய உயிர்கள் பல வேண்டும். ஒரே முறையில் அளக்கவும் வேண்டும். முன்கை என்பு வளர்ச்சி முற்றியபின் மாறுவதில்லை. உடல் நிறையோ உணவாலும் கருவாலும் மாறுவது. எனவே கருவுற்ற பெண்ணின் நிறையை ஆணின் நிறையோடு ஒப்பிடுதல் பிழையான முடிவையே தரும்.

ஏனைய வௌவால்களைப் பற்றிய ஆய்வுகளும் பொதுவிதியை மறுக்கின்றன. பெண்ணே பெரிதாயுள்ள பாலூட்டிகள் பல உண்டென்பதைக் காதரின் றால்ஸ் 1976இல் தொகுத்துக் காட்டினார். அவற்றுள் வௌவால்களும் அடங்கும். கருவையும் குட்டியையும் சுமந்து பறக்க வேண்டிய தேவையோடு இதனைத் தொடர்புபடுத்துவோர் உளர். மாறாக, ஆபிரிக்காவின் சுத்தியல்தலை வௌவாலில் ஆண் ஏறத்தாழ 420 கிராம். பெண் 234 கிராம். அங்கு ஆண்கள் ஓரிடத்திற் கூடி ஒலியெழுப்புகின்றன. பெண்கள் அவற்றுள் துணையைத் தெரிவுசெய்கின்றன. ஜாக் பிராட்பரி 1977இல் வெளியிட்ட ஆய்வு இதனை விரிவாக விளக்கிற்று.

ஆகவே உடலளவு நிலையான சாராம்சமன்று. குறித்த வாழ்நிலைகளின் விளைவாகும். வௌவாலிலிருந்து மனித சமூகத்துக்கு விதி வகுப்பது எத்திசையில் நிகழினும் தவறே என்பதையும் நாம் வற்புறுத்த விரும்புகிறோம். ஆயின் ஆணாதிக்கத்துக்கு இயற்கையைச் சாட்சிக்கழைப்போர், அந்த இயற்கையை முதலில் அளந்து பார்த்தல் வேண்டும்.