கோடை முகாமுக்குப் போன பையன்கள்

1939-இல் அமெரிக்காவில், கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு அண்டை ஊர்களில் ஒரு சோதனை தொடங்கியது. சிறுவர்கள் குற்றத்தில் இறங்காமல் தடுக்க முடியுமா என்று பார்க்க நினைத்தவர் ரிச்சர்ட் கபோட் என்ற மருத்துவர். 506 பையன்களை வயதும் குணமும் குடும்பச் சூழலும் ஒத்துப்போகிற மாதிரி இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் காசு சுண்டிப் பார்த்தார்கள். ஒருவனுக்கு உதவி, மற்றவனை அவன் போக்கில் விட்டார்கள்.

உதவி என்றால் சாதாரண உதவி அல்ல. ஆலோசகர் வீடு தேடி வருவார், பாடம் சொல்லித் தருவார், வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்வார், கோடை முகாமுக்கு அனுப்புவார். பல பையன்களுக்கு இது ஐந்தாண்டுக்கு மேல் நீடித்தது.

சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து, நடுவயதை எட்டிவிட்ட அவர்களை ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் தேடிப் பிடித்தார். உதவி பெற்று, பதில் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பேர், அந்தத் திட்டத்தால் நன்மை அடைந்ததாகச் சொன்னார்கள். ஆவணங்கள் வேறு கதை சொல்லின. மறுபடி மறுபடி குற்றம் செய்தவர்கள், குடிக்கு அடிமையானவர்கள், இளவயதில் இறந்தவர்கள் எல்லாரும் உதவி பெற்றவர்களிடையேதான் அதிகம். 1978-இல் மெக்கார்ட் இதை வெளியிட்டார். காசு சுண்டியிருக்காவிட்டால் இது வெளியே வந்தே இருக்காது. பயனடைந்தவர்களின் நன்றியை மட்டும் அச்சிட்டு விழா எடுத்திருப்பார்கள்.

பிற்பாடு மெக்கார்ட், தாமஸ் டிஷியன் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு துப்பு கிடைத்தது. கேடு பெரும்பாலும், கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் போனவர்களிடம் குவிந்திருந்தது.

முகாமில் என்ன நடந்திருக்கும்? டிஷியன் பதின்வயது நண்பர்கள் பேசிக்கொள்வதைப் படம்பிடித்து ஆராய்ந்தவர். விதியை மீறிய கதை ஒருவன் சொல்ல, மற்றவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புதான் கூலி. அப்படிச் சிரிப்பு வாங்கிய பையன்களிடம் பின்னாளில் தப்புத்தண்டா கூடியது. மூளைப் படங்களும் இதற்கு ஒத்துப்போகின்றன: சகவயதினர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே, கார் ஓட்டும் விளையாட்டில் பதின்வயதினர் கூடுதலாகத் துணிகிறார்கள், வெகுமதியை எதிர்பார்க்கும் மூளைப் பகுதி சுறுசுறுப்பாகிறது. பெரியவர்களிடம் அப்படி நடக்கவில்லை.

இப்படிப்பட்ட வயதில் தவறு செய்தவர்களை எல்லாம் ஒரே கட்டடத்தில் கூட்டி வைப்பதைத்தான் உலகின் பல இடங்களில் சீர்திருத்தம் என்கிறோம்.

நியூசிலாந்து 1989-இல் சட்டம் போட்டு வேறு வழிக்குப் போனது. மாவோரி மக்களின் கூடிப் பேசும் வழக்கத்திலிருந்து எடுத்த வழி அது. பையன், அவன் குடும்பம், போலீஸ், அவனால் பாதிக்கப்பட்டவர் எல்லாரும் வட்டமாக உட்காருகிறார்கள். நடுவே குடும்பத்தைத் தனியாக விட்டு மற்றவர்கள் வெளியேறிவிடுவார்கள். மன்னிப்பு எப்படி, உடைத்ததற்கு ஈடு என்ன, பள்ளிக்கு யார் கொண்டுபோய் விடுவது என்று பெரியப்பாவும் அத்தையும் பேசி ஒரு திட்டத்தோடு கதவைத் திறப்பார்கள்.