பட்டறை இயந்திரங்களைக் கறளிலிருந்து காப்போம்

இடம்பெயரும்போது காணியை யாரும் தூக்கிச் செல்ல முடியாது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தின் ஏனைய ஊர்களிலிருந்தும் வெளியேறிய கமக்காரக் குடும்பங்கள் இதனை நன்கறியும். தோட்டத்தை இழந்து தச்சுத்தொழிலை நம்பிய குடும்பத்திற்கு ஒரு வட்டவாளும் சீவுளி இயந்திரமுமே காணிக்குச் சமம். அவற்றைக் கறள் தின்ன விடலாமா?

இரும்பு, நீர், காற்றிலுள்ள ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேரும்போது கறள் உண்டாகிறது. உப்பு அதனை விரைவுபடுத்தும். எமது குடாநாட்டில் கடலோ கடல்நீரேரியோ எந்த ஊருக்கும் தூரமில்லை. சோளகமும் வாடையும் கொண்டுவரும் உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பின்மேல் வைத்திருக்கும்.

ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மாரியில், கூரை ஒழுகாத பட்டறையிலும் கறள் பிடிப்பது ஏன்? பாரமான இரும்பு மேசை இரவில் குளிர்ந்துவிடும். காலையில் மெதுவாகவே சூடேறும். குளிர்நீர் உள்ள செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, ஈரக்காற்று பட்டதும் மேசையும் வியர்க்கிறது. அதன்மேல் கிடக்கும் மரத்தூள் அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கிறது.

கறள் பிடித்த மேசையில் பலகை வழுக்கிச் செல்லாது. பலத்தைக் கூட்டித் தள்ளும்போது கை வாளில் படக்கூடும். ஆகவே இது கைவிரல்களைக் காக்கும் வேலையுமாகும்.

செய்ய வேண்டியவை:

1. முதலில் மின் இணைப்பைக் கழற்றி விடுங்கள். மண்ணெண்ணெய் தொட்ட மெல்லிய அரத்தாளால் கறளைத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். உவர்க்கிணற்று நீரால் ஒருபோதும் கழுவ வேண்டாம்.

2. மண்ணெண்ணெய் ஆவியாகிப் போய்விடும். அது மட்டும் காவலாகாது. மெழுகுதிரியைச் சீவி, ஒரு பங்கு மெழுகுக்கு நான்கு பங்கு மண்ணெண்ணெய் சேர்த்து, தகரப்பேணியைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் வைத்துக் கலக்குங்கள். இதனை வெளியில், நெருப்பில்லாத இடத்திலேயே செய்யுங்கள். அடுப்பில் வைக்கவே கூடாது. ஆறியபின் கிடைக்கும் குழம்பை மேசையில் மெல்லியதாகப் பூசி, உலர்ந்ததும் துணியால் மினுக்குங்கள். எண்ணெய் பலகையில் கறையாகும். மெழுகு பலகையை வழுக்கிச் செல்ல வைக்கும்.

3. சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகும். பாவித்த என்ஜின் எண்ணெயில் அமிலம் சேர்ந்திருக்கும், தோலுக்கும் கூடாது. இரண்டையும் தவிருங்கள். திருகாணிகளுக்கும் சுழலும் பாகங்களுக்கும் புதிய இயந்திர எண்ணெயே ஏற்றது.

4. மாலையில் மரத்தூளைக் கூட்டி அகற்றுங்கள். பச்சை மரத்தையோ நனைந்த பலகையையோ மேசைமேல் விட்டுச் செல்ல வேண்டாம்.

5. பொலித்தீனால் இறுக்கி மூடினால் ஈரம் உள்ளே அகப்படும். உலர்ந்த தடித்த பருத்தித் துணியால் மூடுங்கள். அது ஈரமானால் உடனே மாற்றுங்கள்.

மாரியில் மாதம் இருமுறையும், கோடையில் மாதம் ஒருமுறையும் மெழுகு பூசினால் போதும். ஒரு மெழுகுதிரியும் அரைமணி நேரமுமே செலவு. மண்வெட்டி, கோடரி, உளி ஆகியவற்றின் அலகுகளுக்கும் இம்மெழுகு உதவும். முதல் மழைக்கு முன்னரே இதனைத் தொடங்கிவிடுவோம்.