தெறிப்புப் படிவும் மின்காவற் படலங்களும்: ஆக்கமுறை பற்றிய ஒரு நோக்கு

ஒரு பொருளின் குணத்தை அதன் பெயரைக் கொண்டே தீர்மானித்துவிடும் போக்கு இலக்கிய ஆய்வில் மாத்திரமன்றி அன்றாட வாழ்விலும் வேரூன்றியுள்ளது. பொருளொன்று எவ்வாறு ஆக்கப்பட்டது என்று வினவாது அதன் இயல்பை விளக்க முற்படுவது எத்துணைக் குறைபாடுடையது என்பதைப் பௌதிகவியலின் சிறு துறையொன்று தெளிவுபடுத்துகின்றது. தெறிப்பு முறையாற் படியவைக்கப்படும் பல்பகுதியப் படலங்களும் அவற்றின் மின்காவற் பண்புமே ஈண்டு நோக்கப்படுகின்றன.

தாழமுக்க வாயுவினூடாக மின்னிறக்கம் நிகழும்போது மின்வாயின் பொருள் எதிரேயுள்ள பரப்பிற் படிவதை, 1852இல் பிரித்தானிய விஞ்ஞானி வில்லியம் றொபேட் குறோவ் அவதானித்து எழுதினார். இன்றைய முறையில், வெற்றிட அறையொன்றினுள் ஏறத்தாழ 1 பஸ்கால் அமுக்கத்தில் ஆகன் வாயு செலுத்தப்படுகின்றது. மின்னிறக்கத்தாற் பிறக்கும் நேர் அயன்கள் எதிர் மின்னழுத்தத்திலுள்ள இலக்கை மோதுகின்றன. அங்கிருந்து தெறிக்கும் துணிக்கைகள் எதிரேயுள்ள கண்ணாடித் தட்டிலோ சிலிக்கன் தட்டிலோ படிந்து படலமாகின்றன.

இலக்கு உலோகமாயின் நேரோட்டமே போதுமானது. காவலியாயின் ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. மோதும் அயன்களின் நேர் ஏற்றம் வெளியேற வழியின்றிப் பரப்பிலே தேங்கி, பின்வரும் அயன்களைத் தள்ளிவிடுகின்றது. அயன்களின் தாக்குதலே அத்தாக்குதலை நிறுத்திவிடுகின்றது எனலாம். 1960களில் நடைமுறைக்கு வந்த வானொலி மீடிறன் முறை இதற்குத் தீர்வாயிற்று. மின்னழுத்தத்தின் திசை செக்கனுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட தடவைகள், வழக்கமாக 13.56 மெகாஹேட்ஸ் மீடிறனில், மாற்றப்படுகின்றது. ஆகன் அயன் இலத்திரனிலும் ஏறத்தாழ 73,000 மடங்கு பாரமானது. எனவே விரைந்து வரும் இலத்திரன்கள் தேங்கிய நேர் ஏற்றத்தை நீக்குவதோடு, இலக்கின் பரப்பைச் சராசரியில் எதிர் மின்னழுத்தத்திலும் நிறுத்துகின்றன. அயன்களின் மோதல் தடையின்றித் தொடர்கின்றது.

இம்முறைக்கு உட்படுத்தப்பட்ட பல்பகுதியங்களுள் தெஃப்லோன் முதன்மையானது. 1938இல் ஐக்கிய அமெரிக்காவில் றோய் பிளங்கெற் தற்செயலாகக் கண்டறிந்த பொருள் இது. இரண்டு புளோரீன் அணுக்களைத் தாங்கிய காபன் அணுக்கள் நீண்ட சங்கிலியாய் அமைந்தது. இதன் மின்னுழைய மாறிலி ஏறத்தாழ 2.1, தடைத்திறன் 10இன் 18ஆம் அடுக்கு ஓம்-சதமமீற்றரை விஞ்சும். ஆயினும் இது கரைப்பான்களிற் கரையாது. 327 பாகையில் உருகினும் எளிதில் ஓடாது. இதனை மெல்லிய படலமாக்கத் தெறிப்பு முறை நாடப்பட்டமைக்குக் காரணம் இதுவே.

ஆனால், தட்டிற் படிவது தெஃப்லோன்தானா? உலோகம் பெரும்பாலும் அணு அணுவாகத் தெறிக்கும். பல்பகுதியத்தின் சங்கிலியோ துண்டு துண்டாக அறுகின்றது. அத்துண்டங்கள் தட்டின்மீது மீண்டும் இணையும்போது பழைய ஒழுங்கு திரும்புவதில்லை. சங்கிலிகளிடையே குறுக்குப் பிணைப்புகள் மலிகின்றன. ஒரு காபனுக்கு இரண்டு என்றிருந்த புளோரீன் விகிதம் குறைகின்றது. இணை சேராத இலத்திரனைக் கொண்ட சுயாதீன மூலிகங்கள் சிறைப்பட்டு நிற்கின்றன. செலுத்தும் வலு, வாயுவின் தன்மை, தட்டின் வெப்பநிலை ஆகியவற்றுக்கேற்ப இவை வேறுபடும்.

இவ்வேறுபாடு மின்பண்பிலே வெளிப்படுகின்றது. 100 நனோமீற்றர் தடிப்புள்ள படலத்தின் இருபுறமும் 10 வோல்ற்று அழுத்தம் கொடுப்பின், மின்புலம் மீற்றருக்கு 10 கோடி வோல்ற்றாகும். அன்றாட வாழ்விற் சிறிதெனக் கருதப்படும் அழுத்தம் இங்கே மாபெரும் விசையாகின்றது. கட்டமைப்பின் குறைபாடுகள் இலத்திரன்களைப் பிடித்துவைக்கும் பொறிகளாகின்றன. வலிய மின்புலம் பொறியின் தடுப்பைத் தாழ்த்த, வெப்ப ஆற்றலால் இலத்திரன்கள் விடுபட்டு ஓடுகின்றன. இதற்கு அடிப்படையான விளக்கத்தை லெனின்கிராட்டிற் பணியாற்றிய சோவியத் பௌதிகவியலாளர் யாக்கோவ் பிரெங்கெல் அதே 1938இல் வெளியிட்டார். மேலும், படலம் காற்றுப்பட்டதும் சுயாதீன மூலிகங்கள் ஒட்சிசனுடன் இணைந்து முனைவுக் கூட்டங்களை உருவாக்குகின்றன. இதனால் ஆடலோட்டத்தில் ஆற்றல் இழப்பு மிகுகின்றது. நாட்செல்லப் பண்பும் மாறுகின்றது.

இதனை வெறும் சீரழிவாகக் கொள்வதும் தவறாகும். குறுக்குப் பிணைப்பே படலத்தைச் செறிவாக்கித் தட்டுடன் இறுகச் சேர்க்கின்றது. மூலப்பொருளின் நகலாகவன்றித் தனக்குரிய குறைநிறைகளைக் கொண்ட புதிய பொருளாகவே இதனை மதிப்பிடல் வேண்டும்.

இந்நோக்கு ஆய்வுகூடத்துடன் முடிவதன்று. கரைப்பானோ நீரோ வேண்டாத தெறிப்பு முறை தூய்மையானதெனப் போற்றப்படுகின்றது. ஆயின், இலக்காக அமையும் தெஃப்லோனுக்கும் ஓர் ஆக்க வரலாறு உண்டு. அதன் உற்பத்தியிற் பல்லாண்டுகள் பயன்பட்ட பேர்புளோரோஒக்ரனோயிக் அமிலம், ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் பார்க்கெர்ஸ்பேர்க் நகரை அண்டிய ஆலையிலிருந்து ஒகையோ ஆற்றுப் பள்ளத்தாக்கு மக்களின் குடிநீரிற் கலந்தது. 2001இல் அவர்கள் வழக்குத் தொடுத்தனர். சிறுநீரகப் புற்றுநோய் உள்ளிட்ட 6 நோய்களுடன் இவ்வமிலத்துக்குத் தொடர்பிருக்கும் சாத்தியத்தை, வழக்கின் தீர்வாக அமைக்கப்பட்ட அறிவியற்குழு 2012அளவில் உறுதிசெய்தது. 2019இல் ஸ்ரொக்கோம் சமவாயம் இதனை ஒழிக்கப்படவேண்டிய பொருட்களின் பட்டியலிற் சேர்த்தது.

தெஃப்லோனைச் சிறந்த காவலியாக்கும் காபன்-புளோரீன் பிணைப்பின் உறுதியே அவ்வமிலத்தை மண்ணிலும் நீரிலும் அழியாது நிலைக்கவும் செய்கின்றது. படலத்தின் தடைத்திறனை அளப்பவர் அது படிந்த முறையைக் கேட்டறிகின்றார். அவ்வினாவை இன்னும் ஒரு படி பின்னோக்கிச் செலுத்தினால், ஆலையில் உழைத்தவரும் அவ்வாற்றுநீரைப் பருகியவரும் நம் பார்வைக்குள் வருவர். அவர்களை விலக்கிய விளக்கம் பௌதிகத்தில் எவ்வளவு நுட்பமாயினும் முழுமை பெறாது.