தொங்கும் கிளி

தொங்கும் கிளி அல்லது சின்னக் கிளி (லோரிக்குலஸ் வெர்னாலிஸ்) என்பது பசுமை மாறாக் காடுகளிலும் ஈரப்பாங்கான இலையுதிர் காடுகளிலும் வாழும் மிகச் சிறிய கிளி இனமாகும். இதன் நீளம் சுமார் 14 செ.மீ. மட்டுமே, ஏறத்தாழச் சிட்டுக்குருவியின் அளவு. வேலூர், ஆம்பூர் போன்ற வறண்ட பகுதிகளில் பரவலாகக் காணப்படும் செந்தார்ப் பைங்கிளி சுமார் 40 செ.மீ. நீளமுடையது. அதில் பாதிக்கு மேல் வாலே ஆகும். தொங்கும் கிளிக்கோ வால் மிகக் குட்டையானது.

தமிழ்நாட்டில் நீலகிரி, ஆனைமலை உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் இது காணப்படுகிறது. வடகிழக்கு இந்தியா, அந்தமான் தீவுகள், மியான்மர், தாய்லாந்து ஆகிய இடங்களிலும் உண்டு. இதன் நெருங்கிய உறவான, செந்நிற உச்சந்தலை கொண்ட மற்றோர் இனம் இலங்கையில் மட்டுமே வாழ்கிறது.

தோற்றம்

உடல் பச்சை நிறம். அலகும் பிட்டமும் சிவப்பு. ஆண் பறவையின் தொண்டையில் நீலத் திட்டு ஒன்று காணப்படும். பெண் பறவையில் இது மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும். இலைகளுக்கிடையே இப்பறவையைக் கண்டறிவது கடினம். பறக்கும்போது எழுப்பும் கூரிய குரலைக் கொண்டே பெரும்பாலும் இதன் இருப்பை அறிய முடிகிறது.

தலைகீழ் உறக்கம்

இக்கிளி வௌவாலைப் போல் கிளையில் தலைகீழாகத் தொங்கியபடி உறங்கும். பெயர்க் காரணமும் இதுவே. பறவைகளில் இவ்வழக்கம் மிக அரிது. இந்நிலையில் இது ஓர் இலையைப் போலத் தோன்றும்.

உணவு

அத்தி முதலிய பழங்களும் மலர்த்தேனும் முக்கிய உணவு. முள்முருங்கை, இலவம், புல்லுருவி ஆகியவற்றின் பூக்களில் தலைகீழாகத் தொங்கியும் தேன் அருந்தும். கள் இறக்கும் பானைகளை நாடி வந்து, குடித்து மயங்கிக் கிடப்பதாகவும் பழைய பறவை நூல்கள் குறிப்பிடுகின்றன. கூண்டுக் கிளிகளுக்கு வழக்கமாக இடப்படும் நெல்லும் மிளகாயும் இதற்கு ஏற்ற உணவல்ல.

இனப்பெருக்கம்

தென்னிந்தியாவில் பெரும்பாலும் சனவரி முதல் ஏப்ரல் வரை இனப்பெருக்கம் செய்கிறது. மரப்பொந்தில் கூடு அமைக்கும். பெண் பறவை இலைகளை அலகால் நீள் கீற்றுகளாக நறுக்கி, அவற்றைத் தன் பிட்டத்து இறகுகளுக்கிடையே செருகிக்கொண்டு பொந்துக்குக் கொண்டு செல்லும். ஆப்பிரிக்காவின் காதற் கிளிகளுள் சில இனங்களிலும் இவ்வழக்கம் உண்டு. இவ்விரு பேரினங்களும் நெருங்கிய உறவுடையவை. வழக்கமாக 3 முட்டைகள் இடும்.

பாதுகாப்பு

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனைத் தீவாய்ப்புக் குறைந்த இனமாக வகைப்படுத்தியுள்ளது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும். எனினும் சட்டத்தால் மட்டும் கூடு கிடைத்துவிடாது. அலகால் மரத்தைக் குடையும் திறன் மரங்கொத்திக்கு உண்டு. இக்கிளியோ பழைய மரங்களில் ஏற்கெனவே உள்ள பொந்துகளையே நம்பியுள்ளது. காப்பி, ஏலத் தோட்டங்களில் நிழலுக்காக விடப்பட்ட காட்டு மரங்கள் காட்டுக்கு வெளியிலும் இதற்கு இடமளித்து வந்தன. விரைவில் வளர்வதாலும், மிளகுக்கொடி ஏற்ற வசதியாக இருப்பதாலும் பல தோட்டங்களில் அம்மரங்களுக்குப் பதிலாக ஆத்திரேலிய மரமான சில்வர் ஓக் நடப்படுகிறது. குறுகிய காலத்தில் வெட்டி விற்கப்படும் அம்மரங்களில் பொந்து உண்டாகும் அளவுக்கு வயது சேர்வதில்லை.