காமிரா காத்திருக்கட்டும்

சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் படமெடுப்பவர் முதலில் வாங்க வேண்டியது வெளிச்சம். அதில் பாதி இலவசம்.

புனேயிலிருந்து நாசிக் நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 30 கி.மீ. சென்றால் சாகண். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் பெயர்போன மண்டி. அந்த மண்டியைச் சுற்றி இப்போது தொழிற்சாலைகள்: பஜாஜ் ஆட்டோ, மஹிந்திரா, மெர்சிடிஸ் பென்ஸ், 2009ல் திறக்கப்பட்ட வோக்ஸ்வாகன். அவற்றை நம்பி தமிழகம் உள்பட பல மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வந்து சேர்கிறார்கள். பகிர்ந்துகொண்ட ஓர் அறை, ஒரு டியூப் லைட், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அந்த ஒரு நாளில் கழுத்தில் காமிராவை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவருக்கு வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக மிஞ்சுவது சில ஆயிரம் ரூபாய். அதை எதில் போடுவது?

கடைக்காரரின் பதில் தயாராக இருக்கும்: புதிய காமிரா, மாதத் தவணையில். ஆனால் புதிய மாடல் வந்த அன்றே பழையதன் விலை சரியத் தொடங்குகிறது. நல்ல லென்ஸ் அப்படி அல்ல; பத்து ஆண்டு கழித்தும் வேலை செய்யும், விற்றால் கணிசமான பணமும் திரும்பும். விளக்கும் குடையும் எந்த காமிராவுக்கும் பொருந்தும். எனவே வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். ஒளி முதலில், லென்ஸ் அடுத்து, காமிரா கடைசியில்.

ஒளியை வசப்படுத்தக் காசு தேவையில்லை என்பதற்கு இந்திய சினிமாவிலேயே சாட்சி இருக்கிறது. 1956ல் வெளியான சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில் வரும் காசி வீட்டின் முற்றம், கல்கத்தா ஸ்டூடியோவில் போட்ட செட். திறந்த வானத்திலிருந்து முற்றத்தில் இறங்கும் நிழலற்ற வெளிச்சத்தை விளக்குகளால் எப்படிக் கொண்டுவருவது? ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். விளக்குகளைக் கீழிருந்து அதன் மேல் அடித்தார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி வானமாயிற்று. 1959ல் குருதத்தின் 'காகஸ் கே ஃபூல்' படத்துக்கு வி.கே. மூர்த்தி உருவாக்கிய புகழ்பெற்ற ஒளிக்கற்றை, கண்ணாடிகளைக் கொண்டு ஸ்டூடியோவுக்குள் திருப்பிவிடப்பட்ட வெயில். துணி, கண்ணாடி: இரண்டும் எந்த வீட்டிலும் உண்டு.

சாகணுக்கு இதில் இன்னும் நெருக்கமான பாடமும் இருக்கிறது. புனேயில் பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் 1960ல் தொடங்கப்பட்ட திரைப்படக் கல்லூரியில்தான், மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா ஒளிப்பதிவு படித்தார். ஜன்னல் வழியே வருவது போதுமென்றால் விளக்கைத் தொடாதவர் என்ற பெயர் அவருக்குக் கடைசிவரை இருந்தது. ஒளி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு ஆளை நிறுத்தும் பழக்கத்துக்கு விலைப்பட்டியல் கிடையாது.

இதன் பின்னால் இருப்பது எளிய கணக்கு. ஒளி தரும் பரப்பு, படமாகும் முகத்தை ஒப்பிடப் பெரியதாக இருந்தால் நிழல் மென்மையாகும். சிறியதாக இருந்தால் கத்தி வெட்டாக விழும். சூரியன் பிரம்மாண்டமானதுதான், ஆனால் தொலைவில் இருப்பதால் நமக்கு அது ஒரு புள்ளி. பக்கத்து ஜன்னல் சிறியது, நெருக்கத்தால் பெரிதாகிறது. காமிரா தலையிலிருக்கும் ஃபிளாஷ் முகத்தைத் தட்டையாக்குவதற்குக் காரணமும் இதுவே: சிறிய பரப்பு, நேர் எதிரே. அதையே வெள்ளைச் சுவரில் அடித்துத் திருப்பினால் சுவர் முழுவதும் விளக்காகிவிடும். ஒரு தெர்மகோல் பலகையை மறுபுறம் நிறுத்தினால் கன்னத்து இருட்டு விலகும். விளக்கை இரண்டு மடங்கு தூரம் தள்ளினால் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகும் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

பணம் செலவழிக்கும் முதல் இடம் இங்கேதான்: எல்லாவற்றையும் கையால் இயக்கும் சாதாரண ஃபிளாஷ் ஒன்று, அதைக் காமிராவிலிருந்து பிரித்து வெடிக்க வைக்கும் வயர்லெஸ் டிரிகர், ஒரு ஸ்டாண்டு, ஒரு வெள்ளைக் குடை. புதிதாகவே வாங்கினாலும் நல்ல லென்ஸ் ஒன்றின் விலைக்குள் இவை அடங்கிவிடும். பழைய ஸ்டூடியோவிலிருந்து சல்லிசாக வரும் ஃபிலிம் காலத்து ஃபிளாஷ்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. அவற்றில் சில, காமிராவுடன் இணையும் முனையில் 200 வோல்டுக்கு மேல் வைத்திருக்கும். இன்றைய காமிராவின் மின்சுற்று அதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

ஃபிளாஷுக்குக் காசு சேரும்வரை டியூப் லைட்டே கதி என்றால் அதற்கும் வழி உண்டு. பழைய ரக டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக நிறம் மாறும். 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

அடுத்தது லென்ஸ். காமிராவோடு வரும் 18-55 மி.மீ. ஜூம், 55 மி.மீட்டரில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். அதற்குப் பதில் எஃப் 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. லென்ஸைப் போட்டால் ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. முன்பு 1/10 நொடியில் கலங்கிப்போன முகம் 1/100ல் தெளியும். பெரும்பாலான ஆரம்பநிலை காமிராக்களின் சிறிய சென்சாரில் இந்த லென்ஸ் 75 அல்லது 80 மி.மீ. போலப் பார்ப்பதால் முகப் படங்களுக்குக் கச்சிதம். எல்லாப் பெரிய கம்பெனிகளின் பட்டியலிலும் மிக மலிவான லென்ஸ்களில் ஒன்று இது.

பழையது வாங்குபவருக்கு இது நல்ல காலம். கானனும் நிகானும் புதிய லென்ஸ்களை மிரர்லெஸ் காமிராக்களுக்கே வடிவமைப்பதால், எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் பெருமளவில் கைமாறுகின்றன. மும்பை கோட்டைப் பகுதியின் போரா பஜார், டெல்லி சாந்தினி சௌக்கின் காமிரா சந்து, கொல்கத்தாவின் மெட்ரோ கலி என்று நேரில் பார்த்துப் பேரம் பேச இடங்கள் உண்டு. போகும்போது கையில் ஒரு டார்ச் இருக்கட்டும். லென்ஸின் பின்புறம் ஒளியைப் பாய்ச்சி முன்புறமாகப் பார்த்தால், சிலந்தி நூல் போன்ற பூஞ்சை இருந்தால் தெரிந்துவிடும். அபர்ச்சர் தகடுகளில் எண்ணெய்ப் பசை மின்னினால் வேண்டாம். முன் கண்ணாடியில் மெல்லிய கீறல் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. விலையைக் குறைக்க அது உதவும். நிகானில் இன்னொரு பொறி: ஏ.எஃப்-டி வகை லென்ஸ்களுக்குள் மோட்டார் இல்லை. டி3000, டி5000 வரிசை காமிராக்களிலும் இல்லை. இரண்டையும் சேர்த்தால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

வாங்கியதைக் காப்பாற்றுவது தனி வேலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை புனே வட்டாரத்தில் ஈரம் சுவரிலேயே ஊறுகிறது. தோல் பையில் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்க அது போதும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறிய மானி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. சமையலறை டப்பாவே போதும்.

பயிற்சிக் களம் சாகணிலேயே இருக்கிறது. 1660ல் ஃபிரங்கோஜி நர்சாளா சிறு படையுடன் ஷாயிஸ்தா கானின் முகலாய சேனையை ஏறக்குறைய இரண்டு மாதம் நிறுத்தி வைத்த சங்கிராம துர்கத்தின் சிதைந்த சுவர்கள் அவை. உச்சி வெயிலில் வெறும் மேடாகத் தெரியும் சுவர், காலைச் சாய்வெயிலில் ஒவ்வொரு வடுவையும் காட்டும். எந்த லென்ஸும் தராத வித்தியாசம் அது.

வாங்கவே கூடாத சாமான் ஒன்றும் உண்டு. குளிர்காலத்தில் உஜனி அணையின் நீர்ப்பரப்பில், பிக்வானில், பூநாரைகள் இறங்கும்போது 400, 600 மி.மீ. லென்ஸ் மேல் ஆசை வராதவர் இல்லை. ஆண்டுக்கு இரண்டு பயணத்துக்காக லட்சத்தை முடக்குவதைவிட, புனேயில் நாள் வாடகைக்கு எடுத்து, நண்பர்கள் மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்வது மேல். மிஞ்சும் பணத்தில் படகுக்காரரை இன்னும் ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லலாம்.