தொழிற்கல்வியும் கடன் சுமையும்

தொழில்நுட்பக் கல்வி வேலைக்கு வழிகோலும். எனினும் அதற்கெனப் பெறும் கடன் வருவாயை விஞ்சிவிடலாகாது. போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 1984இல் தோன்றிய அரசு பாலிடெக்னிக், இன்று டாக்டர் அம்பேத்கர் தொழில்நுட்பக் கழகமாக விளங்குகிறது. மின்னி பே மாணவர் வீட்டிலிருந்தே அங்குச் சென்று பயிலலாம். பெருநிலப்பரப்புக்குச் சென்றால் கப்பல் கட்டணமும் விடுதிச் செலவும் கடனில் சேரும்.

எடுத்துக்காட்டாக, மூன்றாண்டுப் படிப்புக்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 1 லட்சம் ரூபாய், 10 சதவீதத் தனிவட்டியில் பெறப்படுவதாகக் கொள்ளலாம். படிப்புக் காலத்திலும் அடுத்த ஓராண்டிலும் தவணை இல்லை. ஆயினும் வட்டி ஏறும். நான்காம் ஆண்டின் முடிவில் கடன் 3,90,000 ரூபாயாகிவிடும். அதே வட்டி விகிதத்தில் பத்தாண்டுகளில் அதைத் தீர்க்க மாதம் சுமார் 5,150 ரூபாய் தேவை. பட்டயம் ஈட்டித் தரும் கூடுதல் ஊதியம் இத்தவணையைத் தாங்குமா என்பதைக் கையொப்பமிடுமுன் கணக்கிடுவதே குடும்பத்துக்கு நலம்.