கார் பாட்டரி ஏன் அடிக்கடி இறங்கிவிடுகிறது?

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் என் பழைய மாணவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தந்தை கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டி வருகிறார். பகலில் இறாலும் நண்டும் அதன் டிக்கியில் ஏறிப் பொன்னேரிக்குப் போகும். இரவில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் குப்பத்தார் முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான். சென்ற ஆண்டு மழைக்காலத்தில், பிரசவ வலி கண்ட பெண் ஒருத்தியைக் காரில் ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினார். 'டக்' என்ற ஓசையோடு சரி, எஞ்சின் சுழலவில்லை. இளைஞர்கள் பத்துப் பேர் இருட்டில் காரைத் தள்ளிக் கிளப்பினார்கள். தாயும் சேயும் நலமே. ஆனால் அந்தப் பெரியவருக்கு மனம் ஆறவில்லை.

"வாத்தியார் சார், ரெண்டு வருஷத்துல இது மூணாவது பாட்டரி. மறுபடியும் பாட்டரிய மாத்தறதா, இல்ல காரையே வித்துடறதா, நீங்களே சொல்லுங்க" என்றார்.

பாட்டரி இறங்கிவிட்டால் பாட்டரியைக் குறை சொல்வது நம் எல்லோருக்கும் வழக்கம். பணப்பை காலியாக இருந்தால் பையின் மீது குற்றமா? வரவு குறைந்திருக்கலாம்; செலவு மிகுந்திருக்கலாம்; பையில் ஓட்டையும் இருக்கலாம். எது என்று பார்க்காமல் புதுப் பை வாங்குவதில் பயனில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்ட்டிமீட்டர் ஒன்றும் ஹைட்ரோமீட்டர் ஒன்றும் எடுத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போனேன். அங்கே நாங்கள் செய்த சோதனைகளை வாசகர்களும் செய்து பார்க்கலாம்.

பாட்டரிக்குள் இருப்பது என்ன?

1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளான்டே காரீயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்க மின்கலத்தை அமைத்தார். இன்று கார்களில் உள்ள காரீய அமிலச் சேமக்கலம் அதன் வழித்தோன்றலே. அது மின்சாரத்தை அப்படியே சேர்த்து வைப்பதில்லை. வேதியியல் ஆற்றலாக மாற்றி வைக்கிறது.

நேர்த்தகட்டில் காரீய டை ஆக்சைடு. எதிர்த்தகட்டில் பஞ்சு போன்ற காரீயம். இடையே நீர்த்த கந்தக அமிலம். மின்னோட்டம் வெளியேறும்போது இரு தகடுகளிலும் காரீய சல்ஃபேட் படிகிறது. அமிலம் செலவாகி நீர் உண்டாகிறது. மின்னேற்றம் செய்யும்போது இவ்வினை திரும்பி நடக்கிறது. இத்தகைய ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ட் தரும். ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் நமது 12 வோல்ட் பாட்டரி.

மின்னிறக்கத்தின்போது அமிலம் நீர்த்துப்போகிறது என்றோமல்லவா? அமிலம் நீரைவிடக் கனமானது. ஆகவே திரவத்தின் ஒப்படர்த்தியை அளந்தாலே பாட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஹைட்ரோமீட்டரின் வேலை இதுதான். முழு மின்னேற்றத்தில் ஒப்படர்த்தி 1.24 முதல் 1.28 வரை இருக்கும்; காலியானால் 1.12 அளவுக்கு இறங்கிவிடும்.

முதற் கேள்வி: பாட்டரி கெட்டுவிட்டதா?

ஆறு மூடிகளையும் திறந்து ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே அளந்தோம். எல்லாக் கலங்களிலும் ஒப்படர்த்தி 1.16க்கு அருகில் இருந்தது. இந்த 'எல்லாம்' என்ற சொல் முக்கியமானது. ஐந்து கலங்கள் நன்றாக இருந்து ஒன்று மட்டும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால், அந்தக் கலத்தில் தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம். அப்போது பாட்டரி நோயாளி. ஆறும் ஒரே அளவில் தாழ்ந்திருந்தால் அது நோயாளியன்று, பட்டினி கிடக்கிறது.

ஹைட்ரோமீட்டர் நுழையாத மூடிய பாட்டரியாக இருந்தால், காரைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்தபின் மின்னழுத்தத்தை அளக்கலாம். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி, 11.9க்குக் கீழே என்றால் காலி.

இரண்டாம் கேள்வி: வரவு வருகிறதா?

எஞ்சின் ஓடும்போது ஃபேன் பெல்ட் ஆல்ட்டர்னேட்டரைச் சுழற்றுகிறது. அதில் பிறக்கும் மின்னோட்டம் விளக்குகளுக்குப் போக மிச்சம் பாட்டரிக்கு வர வேண்டும். 12 வோல்ட் பாட்டரியை நிரப்ப 12 வோல்ட் போதாது. மேட்டில் உள்ள தொட்டியை நிரப்ப அதைவிட உயரத்திலிருந்து நீர் வர வேண்டுமல்லவா? ஏறத்தாழ 14 வோல்ட் வேண்டும்.

முன்விளக்குகளை எரியவிட்டு எஞ்சினைச் சற்று வேகமாக ஓட்டச் சொன்னேன். ஆல்ட்டர்னேட்டர் முனையில் மீட்டர் 14.2 வோல்ட் காட்டியது. பாட்டரி முனைகளிலோ 13.2 வோல்ட்தான். ஒரு வோல்ட் வழியில் காணாமற்போயிற்று!

கம்பியைத் தடவிக்கொண்டே போனபோது, ஓர் இணைப்பு கையைச் சுட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சைப் பாசிபோலப் பூத்திருந்தது. உப்புக் காற்றின் வேலை. ஓம் விதியை நினைவுகூர்வோம். அக்கம்பியில் 15 ஆம்பியர் ஓடியதாகக் கொண்டால், ஒரு வோல்ட் இழப்புக்கு 0.067 ஓம் தடையே போதும். இவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்ட்டிமீட்டரின் ஓம் அளவையில் கண்டுபிடிக்க முடியாது. மின்னோட்டம் பாயும்போது இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்தை அளந்தால் உடனே அகப்பட்டுவிடும். அந்த இணைப்பில் 15 வாட் வீணாகி வெப்பமாயிற்று. கையைச் சுட்டது அதுதான்.

மூன்றாம் கேள்வி: நிற்கும்போது செலவு உண்டா?

வரவு குறைந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனாலும் ஓரிரு நாள் சும்மா நின்றாலே பாட்டரி ஏன் இறங்க வேண்டும்?

எஞ்சினை நிறுத்தி, கதவுகளையும் டிக்கியையும் மூடி, பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினோம். கழற்றிய கம்பிக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவையில் வைத்துத் தொடராக இணைத்தோம். (அப்போது சாவியைத் திருப்பக் கூடாது; திருப்பினால் மீட்டர் கெடும்.) எல்லாம் அணைந்திருக்கும் பழைய காரில் கடிகாரத்துக்கும் ரேடியோவுக்கும் சேர்த்துச் சில மில்லி ஆம்பியர் ஓடினால் போதும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் என்றால் சந்தேகப்பட வேண்டும். எங்கள் மீட்டர் 0.4 ஆம்பியர், அதாவது 400 மில்லி ஆம்பியர் காட்டிற்று.

இனி ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டியதுதான். எதைக் கழற்றும்போது முள் விழுகிறதோ, அந்தச் சுற்றில்தான் திருடன். நான்காவது ஃபியூஸைக் கழற்றியதும் ஓட்டம் ஏறத்தாழச் சுழியாயிற்று. அது உள்விளக்குகளின் சுற்று. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு விளக்கும் எரியவில்லை. "டிக்கி விளக்கு?" என்றேன். பெரியவர் டிக்கியைத் திறந்தார். "திறந்தா எரியும் சார், மூடினா அணைஞ்சிடும்" என்றார். மூடிய டிக்கிக்குள் அணைகிறதா என்று யார் பார்த்தார்கள்? ஃபியூஸை மறுபடி மாட்டி, டிக்கியை மூடி, கால் மணி நேரம் கழித்துத் திறந்து, உடனே பல்பைத் தொடச் சொன்னேன். "ஐயோ!" என்று கையை இழுத்துக்கொண்டார்.

டிக்கியின் விளிம்பில் உள்ள சிறு சுவிட்ச், இறால் பெட்டியிலிருந்து வழிந்த ஐஸ் தண்ணீராலும் உப்பாலும் துருவேறி இறுகிப்போயிருந்தது. மூடினாலும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, இரவும் பகலும்.

சிறு கணக்கு

இந்த 5 வாட் பல்பா பாட்டரியைக் காலி செய்தது? எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறதே என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். 150 ஆம்பியர் 3 விநாடி ஓடினால் 450 கூலும். ஓர் ஆம்பியர்-மணி என்பது 3,600 கூலும். ஆகவே ஒருமுறை கிளப்ப ஆகும் செலவு 0.125 ஆம்பியர்-மணி. பல்பு 0.4 ஆம்பியர் வீதம் ஏறத்தாழ 19 நிமிடத்தில் அவ்வளவையும் குடித்துவிடுகிறது! ஒரு நாளைக்கு 9.6 ஆம்பியர்-மணி, அதாவது காரை எழுபத்தைந்து முறைக்கு மேல் கிளப்பும் செலவு.

'யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்' என்பார்கள். ஸ்டார்ட்டர் யானை, அது தின்பது எல்லோர் கண்ணிலும் படும். டிக்கி விளக்கு வீடு. மின்னூட்டத்தைக் கணக்கிட மின்னோட்டத்தைக் காலத்தால் பெருக்க வேண்டும். நாம் மின்னோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காலத்தை மறந்துவிடுகிறோம்.

வரவையும் பார்ப்போம். நாளொன்றுக்குக் கார் ஒன்றரை மணி நேரம் ஓடி, 5 ஆம்பியர் வீதம் பாட்டரிக்கு வந்தாலும் 7.5 ஆம்பியர்-மணிதான். பச்சை பூத்த இணைப்பினால் அதுவும் முழுமையாக வரவில்லை. வரவைவிடச் செலவு அதிகமான குடும்பம் எத்தனை நாள் தாங்கும்?

காற்றிலும் ஒரு கசிவு

ஏரிக்கரைக்கே உரிய இன்னொரு கசிவும் உண்டு. பழவேற்காடு ஏரி, இந்திய உவர்நீர்க் காயல்களில் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது. ஒருபுறம் ஏரி, மறுபுறம் வங்கக் கடல். காற்றில் வரும் நுண்ணிய உப்புத் துகள்கள் பாட்டரியின் தலைமீதும் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ அதற்கும் முன்பே நீரை ஈர்க்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைக் கண்டிருப்பீர்கள். உப்புக் கரைசல் மின்கடத்தி. ஆகவே இரவில் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு மெல்லிய ஈரப்பாதை ஒன்று ஏற்படுகிறது. பகல் வெயிலில் அது காய்ந்துவிடுவதால் பணிமனையில் பார்ப்பவர் கண்ணில் படுவதில்லை.

மீட்டரின் ஒரு முனையை எதிர்முனையிலும் மற்றொன்றைப் பாட்டரியின் மூடிமீதும் வைத்தோம். வெறும் பிளாஸ்டிக்கில் ஒன்றும் காட்டக் கூடாது. 3 வோல்ட் காட்டியது! இக்கசிவு பல்பைப் போலப் பெரியதன்று. ஆயினும் 10 மில்லி ஆம்பியர் இடைவிடாமல் ஓடினால், மாதம் 7 ஆம்பியர்-மணி போய்விடும்.

பட்டினி எப்போது நோயாகிறது?

காரீய சல்ஃபேட் படிந்த சில நாட்களுக்குள் மின்னேற்றம் செய்துவிட்டால் அது எளிதில் கரைந்து மாறிவிடும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் அந்த நுண்படிகங்கள் பெரிதாகி இறுகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் அவை மாறுவதில்லை. பட்டினி நோயாகிவிட்டது. முதல் இரண்டு பாட்டரிகளும் இப்படித்தான் இறந்திருக்க வேண்டும். காரணம் காரிலேயே இருக்க, புதுப் பாட்டரியும் அதே கதியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது இன்னும் அந்த எல்லையைத் தாண்டவில்லை. சுவிட்சை மாற்றினோம். இணைப்பை உப்புத்தாளால் தேய்த்துப் புதுக்கினோம். மூடிகளை இறுக்கிய பின் ஆப்பச் சோடாக் கரைசலால் பாட்டரியின் தலையைக் கழுவி, நல்ல நீரால் அலசித் துடைத்து, முனைகளில் வாசலின் தடவினோம். பின்னர் 3 ஆம்பியர் வீதம் மெதுவாக மின்னேற்றினோம். மறுநாள் ஒப்படர்த்தி 1.24ஐத் தொட்டது. செலவு ஒரு சுவிட்சின் விலை.

வாசகர்களுக்குச் சில எச்சரிக்கைகள். மின்னேற்றத்தின்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிப்படும். அருகே பீடியோ தீக்குச்சியோ கூடாது. அமிலம் கண்ணில் தெறித்தால் நிறைய நீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கம்பிகளைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுக. மாட்டும்போது கடைசியில் மாட்டுக. குறைந்த நீருக்கு ஈடாக வாலை வடிநீரே ஊற்ற வேண்டும். கிணற்று நீரில் உள்ள குளோரைடு தகடுகளை அரிக்கும். எஞ்சின் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்ட்டர்னேட்டர் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் அதன் டயோடுகள் போய்விடும்.

படகு விளக்கின் பாட்டரிக்கும் வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரிக்கும் இதே வரவு செலவுக் கணக்குதான். கெட்டது பாட்டரியா, வரவா, செலவா? இம்மூன்று கேள்விகளுக்கும் மீட்டரிடம் விடை பெற்ற பிறகே கடைக்குப் புறப்படுங்கள்.

சென்ற மாதம் பெரியவர் தொலைபேசியில் பேசினார். நள்ளிரவில் ஒரு குழந்தையைப் பொன்னேரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனாராம். "சாவியத் திருப்பினதும் கிளம்பிடுச்சு சார்" என்றார்.